வீட்டுத் தாங்கு சுவரின் செலவு மதிப்பீடு

தாங்கு சுவர் என்பது மேட்டுப் பகுதியில் உள்ள மண் சரிந்து தாழ்வான பகுதியில் விழாமல் தடுத்து நிறுத்துவதற்காகக் கட்டப்படும் சுவர் ஆகும். இது தடுப்புச் சுவர், ரீட்டெய்னிங் சுவர் என்ற பெயர்களாலும் அறியப்படுகின்றது. மனையைச் சுற்றி எழுப்பப்படும் மதில் (காம்பவுண்டு சுவர்) தன் எடையையும் காற்றின் விசையையும் தாங்கினால் போதும். தாங்கு சுவரோ பின்னால் உள்ள மண்ணின் பக்கவாட்டு அழுத்தத்தை ஆண்டு முழுவதும் தாங்கி நிற்க வேண்டும். மதிலுக்கு விலை பேசுவது போல நீளத்திற்கு இவ்வளவு என்று தாங்கு சுவருக்கும் பேசுவது செலவு மதிப்பீடு பிழையாவதற்கு ஒரு முதன்மைக் காரணமாகும்.

தேவை ஏற்படும் இடங்கள்

கோயம்புத்தூர் மாவட்டத்தின் பெரும்பகுதி சமவெளி எனினும், மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டிய மேட்டுப்பாளையம், தடாகம், மருதமலை அடிவாரம் போன்ற இடங்களில் மனைகள் சரிவாக உள்ளன. வால்பாறையிலும் அண்டை மாவட்டமான நீலகிரியிலும் தாங்கு சுவர் இன்றி வீடு கட்டுவதே அரிது. சமவெளியிலும், சாலை மட்டத்திற்கு மனையை உயர்த்த மண் நிரப்பும்போது அம்மண்ணைத் தாங்க ஒரு சுவர் தேவைப்படுகின்றது. அதுவரை மதிலாக இருந்த பழைய சுவரை ஒட்டியே மண்ணைக் கொட்டிவிடுவது வழக்கமாக உள்ளது. அன்றிலிருந்து அம்மதில், அதற்குரிய அடித்தளம் இல்லாமலேயே, தாங்கு சுவராகிவிடுகின்றது.

உயரமும் அழுத்தமும்

மண் அழுத்தத்தைக் கணக்கிடும் முறையைப் பிரெஞ்சுப் பொறியாளர் கூலும் 1773 இல் முன்வைத்தார். ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ராங்கின் 1857 இல் வேறொரு முறையை வெளியிட்டார். இரண்டும் இன்றும் பயன்பாட்டில் உள்ளன. இவற்றின்படி சுவரின் மீதான மொத்த விசை உயரத்தின் இருமடிக்கு ஏற்பவும், சுவரைக் கவிழ்க்கும் திருப்புத்திறன் மும்மடிக்கு ஏற்பவும் கூடுகின்றன. கன மீட்டருக்கு 1.8 டன் எடையும் 30 பாகை உராய்வுக் கோணமும் உள்ள உலர்ந்த மண்ணை எடுத்துக்கொண்டால், 1.5 மீட்டர் உயரச் சுவரின் ஒவ்வொரு மீட்டர் நீளத்தையும் சுமார் 0.7 டன் விசை தள்ளும். 3 மீட்டர் உயரத்தில் இது 2.7 டன், 6 மீட்டர் உயரத்தில் 10.8 டன் ஆகும். உயரம் இருமடங்கானால் செலவும் இருமடங்காகும் என்று எண்ணி ஒதுக்கப்படும் தொகை போதாமல் போவதற்கு இதுவே காரணம்.

அளவுக் கணக்கு

கருங்கல் கட்டில் எழுப்பப்படும் சுவர் தன் எடையினாலேயே மண்ணைத் தாங்குகின்றது. இதன் அடி அகலம் பொதுவாக உயரத்தில் 0.5 முதல் 0.7 பங்கு வரை வைக்கப்படுகின்றது. 20 மீட்டர் நீளமும் 3 மீட்டர் உயரமும் கொண்ட ஒரு சுவருக்கு அடியில் 1.8 மீட்டர், உச்சியில் 0.5 மீட்டர் அகலம் எனக் கொண்டால், தரைக்கு மேலுள்ள கட்டு மட்டும் 69 கன மீட்டர் வரும். உள்ளூர் வழக்கில் ஒரு யூனிட் என்பது 100 கன அடி. எனவே இது 24 யூனிட்டிற்கு மேல். ஒன்றுக்கு ஆறு கலவையில் சுமார் 115 மூட்டை சிமெண்டு செலவாகும். அடித்தளம் இதில் சேரவில்லை.

அதே நீளத்தில் 1.5 மீட்டர் உயரச் சுவர் ஒன்றுக்கு ஏறத்தாழ 20 கன மீட்டர் கட்டுப் போதுமானது. ஆகவே 3 மீட்டர் உயரத்தை இரண்டு படிகளாகப் பிரித்தால் 69 கன மீட்டர் 40 ஆகக் குறைகின்றது. ஆனால் மேல் படியின் சுமை கீழ்ப்படியின் மேல் விழாதிருக்க, கீழ்ச் சுவரின் உயரத்தைப் போல இருமடங்கு, அதாவது இங்கு 3 மீட்டர், இடைவெளி விடுவது பொது விதியாகும். இதற்கு 60 சதுர மீட்டர், கிட்டத்தட்ட ஒன்றரை சென்ட் நிலம் வேண்டும். அந்நிலத்தின் விலையையும் மிச்சமாகும் கல்லின் விலையையும் ஒப்பிட்டே முடிவெடுக்க இயலும். நகருக்குள் ஒற்றைச் சுவரும், ஊர்ப்புறத்தில் படிச் சுவர்களும் மலிவாக அமைவது இதனாலேயே.

உயரம் 3 மீட்டரைத் தாண்டும்போது கம்பி கட்டிய காங்கிரீட்டுச் சுவர் பெரும்பாலும் சிக்கனமானது. இதன் அடித்தட்டு மேட்டுப் பக்கத்து மண்ணுக்குள் நீண்டு, அம்மண்ணின் எடையையே சுவரைப் பிடித்துவைக்கப் பயன்படுத்துகின்றது. தட்டு அமைக்கும் அளவிற்குப் பின்புறம் தோண்ட இடம் இருக்கவேண்டும். மலைப்பகுதித் தாங்கு சுவர்களுக்கென இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஐ.எஸ். 14458 என்ற தரத்தைப் பல பகுதிகளாக வெளியிட்டுள்ளது.

நீர்

மதிப்பீட்டிலிருந்து முதலில் வெட்டப்படுவது வடிகால் ஆகும். கட்டி முடித்தபின் அது கண்ணுக்குத் தெரியாது என்பது ஒரு காரணமாகலாம். மேற்கூறிய 3 மீட்டர் கல் சுவர் ஒரு மீட்டர் நீளத்திற்குச் சுமார் 8 டன் எடையுள்ளது. அடியில் உராய்வு அதில் பாதி எனக் கொண்டால், 4 டன் வரையிலான விசைக்கு அது நகராது. உலர்ந்த மண் தள்ளுவது 2.7 டன் மட்டுமே. பின்புறம் முழுவதும் நீர் தேங்கினாலோ நீரின் 4.5 டன்னும், நீரில் அமிழ்ந்த மண்ணின் 1.2 டன்னும் சேர்ந்து 5.7 டன் ஆகின்றது. பல ஆண்டுகள் அசையாமல் நின்ற சுவர் ஒரே இரவு மழையில் விழுவதை இக்கணக்கு விளக்குகின்றது.

நீரை வெளியேற்றச் சுவரில் 75 முதல் 100 மில்லிமீட்டர் விட்டமுள்ள குழாய்கள் ஒன்றரை மீட்டருக்கு ஒன்றாகப் பதிக்கப்படுகின்றன. எடுத்துக்காட்டுச் சுவருக்கு ஆறு மீட்டர் பி.வி.சி. குழாய்கள் ஐந்தாறு வாங்கினால் போதும். அவற்றின் பின்னால் 30 சென்டிமீட்டர் தடிப்பிற்கு ஜல்லி நிரப்ப 18 கன மீட்டர், அதாவது ஆறரை யூனிட் ஆகும். ஜல்லி இல்லாமல் குழாய் மட்டும் வைத்தால் சேறு அடைத்துக்கொள்ளும். மாவட்டத்தின் பல இடங்களில் காணப்படும் கரிசல் மண் நீரில் உப்பிக் கூடுதலாகத் தள்ளுவதால், தோண்டிய கரிசலையே திரும்பப் போட்டு நிரப்புவது தவிர்க்கப்படவேண்டும். வேறு மண் கொண்டுவரும் லாரி வாடகையும் மதிப்பீட்டில் சேரவேண்டிய ஒன்று.

நடூர் விபத்து

2019 திசம்பர் 2 அதிகாலையில், மேட்டுப்பாளையத்தை அடுத்த நடூரில், கனமழைக்குப் பின் தனியார் வீடொன்றின் கருங்கல் சுற்றுச்சுவர் இடிந்து அருகிலிருந்த ஓட்டு வீடுகளின் மேல் விழுந்தது. உறங்கிக்கொண்டிருந்த 17 பேர் உயிரிழந்தனர். இறந்தோரில் பெண்களும் குழந்தைகளும் அடங்குவர். சுவர் ஏறத்தாழ 20 அடி உயரம் கொண்டிருந்ததாகச் செய்திகள் தெரிவித்தன. அச்சுவர் ஆபத்தானது என முன்னரே முறையிட்டதாகக் குடியிருப்பு மக்கள் கூறினர். இறந்தோர் தலித் மக்கள் என்பதால் இது தீண்டாமைச் சுவர் என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. வீட்டு உரிமையாளர் கைது செய்யப்பட்டார். தமிழக அரசு இறந்தோர் குடும்பங்களுக்கு இழப்பீடு வழங்கியது.

சுவருக்குச் செலவிடுபவர் மேட்டில் இருக்கிறார். அது விழுந்தால் பாதிக்கப்படுவோர் தாழ்வான பக்கத்தில் இருக்கின்றனர். எனவே இம்மதிப்பீட்டைக் கட்டுபவரின் விருப்பத்திற்கு மட்டும் உரியதாகக் கருத இயலாது.

விலை பேசுதல்

தமிழ்நாடு பொதுப்பணித்துறை ஆண்டுதோறும் வெளியிடும் விலைவிகிதப் பட்டியல் தனியார் பணிகளுக்கும் ஒரு பயனுள்ள ஒப்பீடாகும். மண் தோண்டல், காங்கிரீட்டு, கல் கட்டு ஆகியவற்றைக் கன மீட்டரிலும், குழாயை மீட்டரிலும், பொக்லைன் வாடகையை மணிக்கணக்கிலும் தனித்தனியே எழுதி வாங்கினால் எது விடுபட்டுள்ளது என்பது புலப்படும். சிமெண்டு மீதான சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் 28 விழுக்காட்டிலிருந்து 18 விழுக்காடாகக் குறைக்கப்பட்டது. ஆதலால் பழைய மதிப்பீடுகளைத் திருத்தாமல் பயன்படுத்தலாகாது. மண் பரிசோதனைக்கும் கட்டமைப்புப் பொறியாளரின் வரைபடத்திற்கும் ஆகும் கட்டணம் மொத்தச் செலவில் சிறு பகுதியே. சுவரை ஒட்டி வாகனம் நிறுத்தவோ, மேல்நிலைத் தொட்டி வைக்கவோ எண்ணம் இருப்பின், அச்சுமையை வரைபடம் தயாராகும் முன்பே தெரிவிக்கவேண்டும்.

கொங்குப் பகுதியில் வடகிழக்குப் பருவமழை அக்டோபர் முதல் திசம்பர் வரை பெய்கின்றது. தோண்டிய பள்ளம் திறந்துகிடக்கும் நாட்களே மண் சரிவுக்கு மிகவும் வாய்ப்பான காலம் என்பதால், கோடையில் பணியைத் தொடங்கி மழைக்கு முன் மண் நிரப்பி முடிப்பது நல்லது. கட்டியபின் ஆண்டுதோறும் செப்டம்பரில் நீர்த்துளைகளைக் குத்தி அடைப்பு நீக்குவதற்கு ஓர் ஆளின் ஒரு நாள் கூலி போதும்.