நீலக் குழந்தையும் மேசையைச் சூழ்ந்தோரும்

அறுவைச் சிகிச்சை என்றதும் கத்தியேந்திய மருத்துவர் ஒருவரே நம் நினைவில் தோன்றுவார். வரலாறும் பெரும்பாலும் அவர் பெயரையே பொறித்து வைக்கின்றது. 1944 ஆம் ஆண்டு நவம்பர் 29 அன்று, அமெரிக்காவின் பால்டிமோர் நகரிலுள்ள ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில் நிகழ்ந்ததை நோக்கினால், இவ்வழக்கம் எத்துணைக் குறையுடையதென்பது விளங்கும்.

பிறவி இதயக் கோளாற்றால் நுரையீரலுக்குப் போதிய இரத்தம் செல்லாமல், உதடும் நகமும் நீலம் பூத்துக் குழந்தைகள் மடிந்த காலம் அது. குழந்தை இதய நோய் வல்லுநரான ஹெலன் டாசிக் அம்மையார், நுரையீரலுக்குப் புதிய இரத்த வழியொன்றை அமைத்தால் அவர்கள் பிழைக்கக்கூடும் என்று கருதினார். அவர் கத்தி பிடிப்பவரல்லர். ஆதலின், அறுவை மருத்துவர் ஆல்பிரட் பிளேலாக்கை நாடினார். பிளேலாக்கோ அப்பணியைத் தம் ஆய்வுக்கூட உதவியாளர் விவியன் தாமஸிடம் ஒப்படைத்தார்.

யார் இந்தத் தாமஸ்? தச்சு வேலை தெரிந்த கறுப்பின இளைஞர். 1930 இல் பிளேலாக்கிடம் வேலைக்கு அமர்ந்தவர்; மருத்துவம் பயிலச் சேர்த்த பணத்தைப் பொருளாதார மந்தத்தில் இழந்தவர். கைக்குச் செல்லும் தமனியை நுரையீரல் தமனியோடு இணைக்கும் முறையை நாய்களிடம் மீண்டும் மீண்டும் செய்து தேர்ந்தார்; மெல்லிய குழாய்களுக்கேற்ற கருவிகளையும் அமைத்தார். பட்டம் என்று ஒன்றும் அவரிடமில்லை.

அன்று மேசைமேல் கிடந்தது ஏறத்தாழ 4 கிலோ எடையுள்ள பெண் குழந்தை. பிளேலாக் தைத்தார். அவருக்குப் பின்னே சிறு முக்காலிமீது நின்ற தாமஸ், ஊசி செல்லவேண்டிய திசையைச் சொல்லிக்கொண்டிருந்தார். இத்தகைய குழந்தைக்கு மயக்க மருந்து கொடுக்க மூத்த மருத்துவர் ஒருவர் அஞ்சி மறுத்துவிட, மெரல் ஹார்மெல் என்னும் இளம் மருத்துவர் அப்பொறுப்பை ஏற்றிருந்தார். அச்சிகிச்சையைத் தாங்கித் தேறிய குழந்தை சில மாதங்களுக்குப்பின் இறந்தது. ஆயினும் வழி பிறந்துவிட்டது.

1945 இல் மூன்றாவதாக ஒரு சிறுவனுக்கு இச்சிகிச்சை நடந்தபோது, நீல உதடு சிவந்ததை முதலில் கண்டு கூறியவர் தலைமாட்டில் மயக்க மருந்து கொடுத்தவரே. தையலில் கண் பதித்த மருத்துவர் அதை எங்ஙனம் காண்பார்?

அவ்வாண்டே வெளிவந்த ஆய்வுக் கட்டுரையைப் பிளேலாக்கும் டாசிக்கும் எழுதினர். தாமஸின் பெயர் அதில் இல்லை. சிகிச்சைக்கும் இருவர் பெயரே வழங்கியது. நிறவேற்றுமை ஒரு காரணம்; பட்டமில்லாதவனை அறிஞனாக ஏற்காத படித்தவர் மனப்பான்மை மற்றொன்று. பின்னதும் முன்னதற்குச் சற்றும் இளைத்ததன்று என்பேன். இன்று பலர் மூவர் பெயரையும் சேர்த்தே எழுதுகின்றனர்.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகம் 1976 இல் தாமஸுக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்தது. அதுவும் மருத்துவத்தில் அன்று, சட்டத்தில்!