டிக்கன்ஸின் காக்கை போவின் காக்கையான கதை

ஃபிலடெல்ஃபியா பொது நூலகத்தின் அரிய நூல் பிரிவில், கண்ணாடிப் பெட்டிக்குள் ஓர் அண்டங்காக்கை நிற்கிறது. பெயர் கிரிப். 1841 மார்ச்சில் லண்டனில் செத்தபோது அது சார்லஸ் டிக்கன்ஸ் வீட்டுச் செல்லம். பேசும், கிடைத்ததைக் கொத்திக்கொண்டு போய்ப் புதைத்து வைக்கும், லாயத்தில் குதிரை முதுகில் ஏறித் தூங்கும். பெயின்டைத் தின்றுதான் போய்ச் சேர்ந்தது என்பது டிக்கன்ஸின் சந்தேகம். பாடம் செய்து வைத்துக்கொண்டார். அதே ஆண்டு தொடராக வந்த 'பார்னபி ரட்ஜ்' நாவலில் நாயகனோடு திரியும் காக்கைக்கும் கிரிப் என்றே பெயர்.

காக்கைக்கு முன்னால் நாவல் அட்லாண்டிக்கைக் கடந்தது. ஃபிலடெல்ஃபியாவில் 'கிரஹாம்ஸ் மேகசின்' பத்திரிகையில் இருந்த எட்கர் ஆலன் போ, 1842 பிப்ரவரியில் அதற்கு மதிப்புரை எழுதினார். அதில் ஒரு குறை: காக்கை வேடிக்கை காட்டுவது சரிதான், ஆனால் அதன் கரைச்சல் வரப்போவதை முன்னுரைக்கும் குரலாகக் கதை நெடுக ஒலித்திருக்கலாமே. மறுமாதம் டிக்கன்ஸ் அந்த ஊருக்கு வந்தபோது இருவரும் சந்தித்தார்கள்.

1845 ஜனவரி 29 அன்று நியூயார்க்கின் 'ஈவினிங் மிரர்' நாளிதழில் 'தி ரேவன்' வெளிவந்தது. நள்ளிரவு, இறந்துபோன காதலி, ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லும் அண்டங்காக்கை. டிக்கன்ஸிடம் கோமாளியாக இருந்த பறவை அமெரிக்க கோதிக் எழுத்தின் துக்கக் குரலாகிவிட்டது. குறை சொன்ன விமர்சகரே உட்கார்ந்து திருத்தி எழுதியதாகத்தான் எனக்குப் படுகிறது.

போ அப்படிச் சொல்லவில்லை. மறுவருடம், கவிதை உருவான விதத்தை விளக்கிக் கட்டுரை எழுதினார். எல்லாம் கணக்குப் போட்டுச் செய்தது, முதலில் தோன்றியது கிளிதான் என்கிறார். அந்தக் கட்டுரையின் முதல் வாக்கியத்திலேயே 'பார்னபி ரட்ஜ்' வருகிறது. கிரிப்பைப் பற்றி மட்டும் மூச்சே இல்லை. மறந்திருப்பார் என்று நான் நம்பவில்லை. சமகாலத்தவர்களும் விடவில்லை. 1848இல் ஜேம்ஸ் ரஸ்ஸல் லோவெல் தன் அங்கதக் கவிதையொன்றில், காக்கையோடு வரும் போவை பார்னபி ரட்ஜோடு ஒப்பிட்டுக் கிண்டலடித்தார்.

1870இல் டிக்கன்ஸ் மறைந்ததும் அவர் உடைமைகள் கிறிஸ்டீஸில் ஏலத்துக்கு வந்தன. கிரிப் 120 கினிக்குப் போனது. பின்னாளில் அமெரிக்கச் சேகரிப்பாளர் ரிச்சர்டு கிம்பெல் கைக்கு வந்து, 1971இல் ஃபிலடெல்ஃபியா நூலகத்தைச் சேர்ந்தது. லண்டனில் டிக்கன்ஸின் செல்லமாக விலைபோன பறவை, அதை ஒருநாளும் நேரில் பார்த்திராத போ தொடர்பான சேகரிப்பில் ஓர் உருப்படியாகப் பதிவானது.