அரபு நாட்டில் விளைந்த நெல்

சீறாப்புராணத்தை நம்மில் பலர் பாடப்புத்தகத்தில் ரெண்டு பாட்டாகத்தான் பார்த்திருப்போம். மொத்தம் 5027 விருத்தங்கள். விலாதத்து, நுபுவ்வத்து, ஹிஜ்றத்து என்று மூன்று காண்டங்கள். உமறுப்புலவரை எழுத வைத்தவர் வள்ளல் சீதக்காதி. அவருடைய கீழக்கரை, எங்கள் புதுமடத்துக்கு மேற்கே, பெரியபட்டினம் தாண்டினால் வந்துவிடும். அவர் மறைந்த பின் பரங்கிப்பேட்டை அபுல் காசிம் மரைக்காயர் புலவரை ஆதரித்தார். இதெல்லாம் 17ஆம் நூற்றாண்டையொட்டிய சங்கதி. நூல் அச்சேறியது 1842இல்.

நடுவில் ஒரு நூற்றாண்டுக்கு மேல் இந்தக் காப்பியம் எங்கே இருந்தது? ஏட்டில் என்பது பாதிப் பதில். மீதி காதில் இருந்தது. ஒருத்தர் ராகம் போட்டு வாசிப்பார், இன்னொருத்தர் பதம் பிரித்துப் பொருள் சொல்வார், சுற்றி உட்கார்ந்தவர்கள் கேட்பார்கள். எழுத்தறியாதவருக்கும் உமறு கிடைத்தது இப்படித்தான்.

என்னைக் கேட்டால், பொருள் சொல்கிறவருக்குத்தான் வேலை அதிகம். நாட்டுப் படலத்தைப் பாருங்கள். அரபு நாட்டில் மழை கொட்டுகிறது, ஆறு பெருகுகிறது, வயலில் நெல் விளைகிறது. கம்பனில் ஊறிய கை, வேறென்ன செய்யும்! ஆனால் கேட்கிறவர் மணலும் பனையும் கடலுமாக வாழ்கிறவர். ஹஜ்ஜுக்குக் கப்பலேறிப் போய் வந்த ஒருத்தர் அந்தச் சபையில் இருந்தால், "அங்கே ஏதுங்க வயலு?" என்று கேட்காமலா இருந்திருப்பார்? காப்பியம் நாட்டு வளத்தைப் பாடித்தான் தொடங்கும், தமிழ்ப் புலவனுக்கு வளம் என்றாலே நெல்தான் என்று அங்கேயே விளக்கியாக வேண்டும். தனியாகப் படிக்கிறவர் அந்தப் பக்கத்தைத் தள்ளிவிட்டுப் போய்விடலாம்.

திருநெல்வேலியில் டி.கே.சி.யின் வட்டத்தொட்டியும் கூடிப் படித்த இடம்தான். ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லி ரசிக்க வைத்தவர் அவர். ஆனால் தனக்கு ஒவ்வாத கம்பன் பாட்டுகளை இடைச்செருகல் என்று ஒதுக்கியும் விட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. இடிக்கிற பாட்டை வைத்துக்கொண்டு வாதாடுவதுதான் சபைக்கு அழகு.

சீறாவில் கற்பனை அதிகம், மார்க்கத்துக்கு அது எதற்கு என்று கேட்பவர்கள் எங்கள் பக்கத்தில் உண்டு. அந்தக் கேள்வியையும் சபைக்குள் கொண்டுவரலாமே.

இப்போது நாங்கள் நாலு பேர் வெள்ளிக்கிழமை அஸருக்குப் பிறகு உட்கார்கிறோம். இன்னும் நாட்டுப் படலத்தைத் தாண்டவில்லை. சீதக்காதி ஊரைச் சுற்றி இவ்வளவு பனை நிற்கும்போது புலவர் ஏன் நெல்லையே பாடினார் என்று போன வாரம் ஒரு பையன் கேட்டான். அதிலேயே மஃரிப் பாங்கு சொல்லிவிட்டார்கள்.