ஏற்றத்தில் மட்டும் தோன்றும் பழுது

வத்தலக்குண்டிலிருந்து மலைச்சாலையில் ஏறி, அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம் அமைந்துள்ள அட்டுவம்பட்டிக்கு வந்து சேரும் சீருந்து, ஏறத்தாழ இரண்டாயிரம் மீட்டர் உயரத்தை எட்டிவிடுகிறது. கடல்மட்டத்தைவிட இங்கே காற்றழுத்தம் ஐந்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் ஒரு குறையும் காட்டாத வண்டி கொண்டை ஊசி வளைவில் திக்கித் திணறும். கீழே பட்டறைக்குக் கொண்டுபோனால் ஒன்றுமறியாத பிள்ளைபோல் ஓடும். “இப்ப நல்லாத்தானே ஓடுது?” என்பார் மெக்கானிக். அவர்மீது பிழையில்லை, நோய் மலையிலேயே நின்றுவிட்டது.

1870களில் மேஜர் லா வகுத்த இச்சாலை நெடுங்காலம் முடிவுறாது கிடந்து, 1910களில்தான் மோட்டார் வண்டிக்கு வழிவிட்டது. அதற்கு முன் பெரியகுளம் பக்கத்திலிருந்து குதிரையிலும் டோலியிலும் ஏறினர். பின் வந்த கார்பரேட்டர் வண்டிகளுக்கு உயரம் பெரும் பகை. காற்றின் அடர்த்தி குறைய, பெட்ரோலின் விகிதம் மிகும், கரும்புகை கக்கும், பிளக்கில் கரி படியும். சூட்டில் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி அடைத்துக்கொண்டால், பம்பின்மேல் ஈரத்துணி சுற்றிக் காத்திருப்பது ஓட்டுநர்களின் கைவைத்தியம். செவியும் மூக்குமே அன்றைய சோதனைக் கருவிகள்.

எஞ்சின் தன் நிலையைத் தானே எழுதிவைக்கும் எண்ணம் இதனினும் பழையது. நீராவி உருளைக்குள் அழுத்தம் ஏறி இறங்குவதைத் தாளில் கோடாக வரையும் கருவியை ஜேம்ஸ் வாட்டின் உதவியாளர் ஜான் சதர்ன் 1796 வாக்கில் அமைத்தார். வாட்டின் நிறுவனம் அதைப் பல்லாண்டுகள் வெளியாருக்குக் காட்டாமல் மறைத்துவைத்தது. எஞ்சின் எழுதுவதை யார் படிக்கலாம் என்னும் வழக்கு அன்றே தொடங்கிவிட்டது எனலாம்.

சீருந்துகளில் கணினி புகுந்தபின் அதே வழக்கு மறுபடி எழுந்தது. 1980களில் நிறுவனத்துக்கொரு செருகி, நிறுவனத்துக்கொரு குறியீடு. புகை மாசைக் கட்டுப்படுத்த முனைந்த கலிபோர்னியா 1988இல் தற்சோதனை அமைப்பைக் கட்டாயமாக்கியது. 1996 முதல் அமெரிக்கச் சீருந்துகள் அனைத்துக்கும் ஒரே வகையான 16 முனைச் செருகியும் பொதுக் குறியீடுகளும் வந்தன. ஓ.பி.டி. என்று பட்டறைகளில் வழங்குவது இதுவே. இந்தியாவில் 2010 ஏப்ரல் முதல் படிப்படியாக இது கட்டாயமாயிற்று. மெக்கானிக்குக் கிடைத்த உரிமை காற்று மாசின் பெயரால் வந்தது என்பது ஒரு வேடிக்கை.

ஸ்டியரிங்குக்குக் கீழுள்ள அச்செருகியில் பதிவுக்கருவியை மாட்டி மலையேறினால், வேகம், வெப்பம், அழுத்தம், எரிபொருள் திருத்தம் எல்லாம் நொடிக்கு நொடி பதிவாகும். காற்றுக்கு ஏற்பப் பெட்ரோலைக் கணினி கூட்டியும் குறைத்தும் தருவதே எரிபொருள் திருத்தம். வண்டி நிற்கையில் இயல்பாயிருந்த திருத்தம், பாரத்தோடு ஏறுகையில் இருபது விழுக்காடு கூடினால், பம்போ வடிகட்டியோ போதிய பெட்ரோல் தரவில்லை என்று ஐயுறலாம். மாறாக, நிற்கையில் மிகுந்து, வேகத்தில் குறைந்தால், எங்கோ ஒரு குழாய் வழியே காற்றுக் கசிகிறது. விளக்கெரிந்ததும் வரும் குறியீடு இரண்டுக்கும் ஒன்றாகவே இருக்கக்கூடும். அதை மட்டும் பார்த்து உதிரிபாகம் மாற்றுவோரிடம் நம் பணம் பாழ்.

பதிவைப் படிக்கவும் இடமறிதல் வேண்டும். எஞ்சினை இயக்காமல் சாவியை மட்டும் திருப்பினால், கடலோரத்தில் 100 கிலோபாஸ்கலை ஒட்டிக் காட்டும் அழுத்த உணரி, இங்கே 80ஐ ஒட்டிக் காட்டும். உணரி கெட்டுவிட்டதென்று சமவெளியில் ஒருவர் தீர்ப்பெழுதிவிடலாம். அது காட்டுவது மலையின் உயரத்தை.

சோதனைக் கருவிகளையும் உதிரிபாகங்களையும் தனிப் பட்டறைகளுக்குக் கிடைக்காமல் செய்ததற்காக, 2014 ஆகஸ்டில் இந்தியப் போட்டி ஆணையம் 14 சீருந்து நிறுவனங்களுக்கு ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வழக்கு மேல்முறையீட்டுக்குப் போயிற்று. இன்று சில நூறு ரூபாய்க்கு விற்கும் புளூடூத் செருகியும் ஒரு கைப்பேசியும் இருந்தால், எஞ்சினின் பொதுக் குறியீடுகளை வத்தலக்குண்டுப் பட்டறையிலும் படித்துவிடலாம். நிறுவனங்கள் தமக்கென வைத்துக்கொண்ட தனிக் குறியீடுகள் பலவற்றுக்கு அந்தச் செருகி வாய்திறப்பதில்லை.