பெயரும் ஊரும்: பழவேற்காடு தரும் ஒரு பாடம்

குடும்ப வரலாற்றை ஆராய்வோர்க்குப் பெயரே முதற்சான்று. நம் நாட்டிலோ அச்சான்று தலைமுறைதோறும் மாறுகிறது. தந்தையின் பெயர் மகனுக்கு முதலெழுத்தாகிறது. பேரனிடம் அவ்வெழுத்தும் மறைகிறது. பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமே இவ்விழப்பை ஓரளவு ஈடுசெய்கிறது. 'பெயரன்' என்ற சொல்லே 'பேரன்' எனத் திரிந்தது.

பழவேற்காட்டு ஏரிக்கரையின் மீனவ ஊர்களில் பெயருக்கு வேறொரு காப்பும் உண்டு. மீன்பிடிக்கும் இடங்களை முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் 'பாடு' முறையில், உரிமை தந்தையிடமிருந்து மகனுக்குச் செல்கிறது. ஆதலால், இன்னார் மகன் இன்னார் என்பது அங்கே பிழைப்போடு பிணைந்த செய்தி. ஆயினும் அவ்வரிசையில் பெண்களின் பெயர்களுக்கு இடமில்லை.

இக்கரையில்தான் ஒல்லாந்தர் 1613இல் கெல்திரியா கோட்டையை எழுப்பினர். 17ஆம் நூற்றாண்டில் சோழமண்டலக் கரையிலிருந்து பல்லாயிரவர் அடிமைகளாகப் பதாவியாவுக்குக் கப்பலேற்றப்பட்டனர். அங்கே அடிமையாயிருந்த ஒரு பெண்மணியை ஒல்லாந்தர் ஏடுகள் 'காத்ரைன் வான் பாலியகத்தா' என்று குறிக்கின்றன. 'பழவேற்காட்டைச் சேர்ந்த காத்ரைன்' என்பதே இதன் பொருள். தம் காதலனைக் கொன்றதாக 1656இல் அவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. பின்னர் அது நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. 1657இல் அவர் தென்னாப்பிரிக்காவின் நன்னம்பிக்கை முனையை அடைந்தார். ஒரு படைவீரனுக்கு அவர் பெற்ற மகன் கிறிஸ்தோபல் 1669இல் திருமுழுக்குப் பெற்றான். ஸ்நைமன் என்னும் பெருங்குடும்பம் அம்மகனின் வழிவந்தது.

இன்று அக்குடும்பத்தார் தம் தந்தைவழியைக் குடும்பப் பெயரால் அறிகின்றனர். தாய்வழியை அறிய அவர்களுக்கு எஞ்சியது ஓர் ஊர்ப்பெயரே. காத்ரைனின் பெற்றோர் யாவர் என்பதை அவ்வேடுகள் கூறவில்லை. பிறந்த ஊரில் அவருக்கு வேறு பெயர் வழங்கியிருப்பின், அதுவும் அவற்றில் இல்லை.

பாபிலோனில் பிரதானிகளின் தலைவன் தானியேலுக்குப் பெல்தெஷாத்சார் எனப் பெயரிட்டான். ஆயினும் திருமறை இரு பெயர்களையும் எழுதிவைத்தது. சிறைப்பட்டவனின் பழம்பெயரை அது அழித்துவிடவில்லை.

திருமுழுக்குப் பதிவேட்டை நம் கையால் நிரப்பும்போது இவ்வேறுபாட்டை நினைவிற்கொள்வோமாக. புதுப்பெயர் பெறுவோரின் பழம்பெயரையும், தந்தையோடு தாயின் பெயரையும், பிறந்த ஊரையும் கேட்டு எழுதுவது ஆயர் பணியின் ஒரு கூறாகும். அவசரத்தில் வெறுமையாக விடப்படும் ஒரு கட்டம், முந்நூறு ஆண்டுகளுக்குப் பின் தன் தாயைத் தேடிவரும் ஒருவருக்கு மூடிய கதவாகிவிடும்.