தேய்ந்த வெள்ளிக் காசுக்கு ஒரு கணக்கு



1995 ஒக்ரோபர் 30 இரவு வலிகாமம் முழுவதும் இடம்பெயர்ந்தபோது, அம்மா சேலைத் தலைப்பில் முடிந்துகொண்டு வந்தவற்றில் ஒரு வெள்ளிக் காசும் இருந்தது. அம்மாவின் மறைவுக்குப் பின் அது புவாண்ட்-கிளேரில் என் மேசை லாச்சியில் கிடக்கிறது. யாரோ ஒரு பாட்டி வளையம் ஒட்டிக் கழுத்தில் போட்ட காசு. வளையம் எப்போதோ கழன்றுவிட்டது, ஒட்டுப்போட்ட தழும்பு மட்டும் மிச்சம். முகம் தேய்ந்து வழுவழுப்பாகிவிட்டது.

"யாழ்ப்பாண மன்னர் காலத்துக் காசாக இருக்கும், விற்றுப் பங்கு பிரிப்போம்" என்றார் அண்ணா. அக்காவுக்கு விற்க மனமில்லை. கணக்காளன் என்பதால் பெறுமதி சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது.

அண்ணாவின் ஆசை நிறைவேறாது என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளில் நந்தியும் 'சேது' என்ற தமிழ்ச் சொல்லும் இருக்கும். கிடைப்பவற்றில் பெரும்பாலானவை செம்பு, உருவிலும் சிறியவை. கொட்றிங்ரன் 1924இல் வெளியிட்ட இலங்கை நாணய நூலிலும் அவை பற்றி வாசிக்கலாம். எங்கள் காசோ மூன்று சென்ரிமீற்றர் அகலம்.

டோர்ச் வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தேன். தேய்ந்த காசை வாசிக்க இதைவிட நல்ல வழி இல்லை. முடிசூடிய பெண் தலையின் நிழலும், ஓரத்தில் 'எம்பிரெஸ்' என்ற ஆங்கிலச் சொல்லின் கடைசி எழுத்துகளும் தெரிந்தன. விக்ரோறியா 1877இல் இந்தியாவின் பேரரசி ஆனார். அதற்கு முந்திய ரூபாய்களில் 'குயீன்' என்றே இருக்கும். ஆகவே இது 1877க்கும் 1901க்கும் இடைப்பட்ட இந்திய ரூபாய். மறுபக்கத்தில் ஆண்டு அழிந்துவிட்டது.

இந்திய ரூபாய் யாழ்ப்பாணத்தில் எப்படி? 1869இல் இலங்கை அரசு இந்திய வெள்ளி ரூபாயையே சட்டபூர்வ நாணயமாக்கியது. 1872இல் அதைச் சதங்களாகப் பிரித்தது. 1892 முதல் 10, 25, 50 சதங்களை வெள்ளியில் வெளியிட்டார்கள். வெள்ளி ரூபாயைத் தனியாக அச்சிடவே இல்லை. அந்தச் சதங்களில் வெள்ளி நூற்றுக்கு 80. 1920 முதல் 1966 வரை கனடாவின் வெள்ளிக் காசுகளிலும் அதே 80 தான். ரூபாயில் ஏறத்தாழ 91.7.

புது ரூபாயின் எடை 11.66 கிராம், அதாவது ஒரு தோலா. தட்டார் தராசில் ரூபாயையே படிக்கல்லாக வைத்த காலமும் இருந்தது. எங்கள் காசு 10.9 கிராம்தான் நின்றது. முக்கால் கிராமுக்கு மேல் உடம்பிலும் சட்டைப் பையிலும் தேய்ந்து போயிருக்கிறது.

போலியா என்று பார்க்க நகைத் தராசில் தண்ணீர்க் குவளையை வைத்துப் பூச்சியமாக்கினேன். காசை நூலில் கட்டி, அடியில் முட்டாமல் அமிழ்த்தினேன். தராசு 1.06 காட்டியது. 10.9ஐ அதால் பிரித்தால் 10.28. இந்தத் தரத்து வெள்ளியின் அடர்த்தி 10.3 அளவில் வரவேண்டும். சரி. (காந்தத்தில் ஒட்டாதது மட்டும் போதாது, பித்தளையும் ஒட்டாது.)

இனிப் பெறுமதி. 10.9ஐ 0.917ஆல் பெருக்கினால் தூய வெள்ளி 10 கிராம். வெள்ளி விலை சொல்லப்படும் அவுன்ஸ் 31.1 கிராம். எனவே அன்றைய அவுன்ஸ் விலையில் மூன்றில் ஒரு பங்கிலும் சற்றுக் குறைவு. வாங்குபவர் அதிலும் கழிப்பார். சேகரிப்போருக்கு ஆண்டும் முகமும் வேண்டும். ஒட்டுத் தழும்பு இருந்தால் அவர்கள் கையெடுத்துக் கும்பிட்டுவிடுவார்கள். நல்ல காசு வைத்திருக்கும் நேயர்களே, புளியோ திருநீறோ போட்டு மினுக்க வேண்டாம். மினுக்கிய காசுக்கும் விலை குறையும்.

மூன்று பங்காகப் பிரித்தால் ஆளுக்குச் சில டொலர். கணக்கைத் தாளில் எழுதி, தொலைபேசியில் இருவருக்கும் வாசித்தேன். அண்ணா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு, "அம்மாவின் முக்கால் கிராம் எவ்வளவு?" என்று கேட்டார். அந்தத் தேய்மானம் பாட்டிகளுடையது, அம்மா அதை அணிந்ததே இல்லை என்று அக்கா திருத்தினார். காசு இப்போது அக்காவிடம் போகிறது.