ஜெய்ப்பூர்க் காலும் மாஸ்டர்ஜியும்

பொற்கைப் பாண்டியன் கதை நம்மவர்களுக்குப் புதிதல்ல. கீரந்தை என்னும் அந்தணன் வீட்டுக் கதவைத் தட்டிய பிழைக்காகப் பாண்டியன் தன் கையைத் தானே குறைத்துக்கொண்டான். பிறகு பொன்னால் கை செய்து வைத்துக்கொண்டான் என்பது கதை. கை குறைத்த செய்தியைச் சிலப்பதிகாரத்தில் மதுராபதித் தெய்வம் கண்ணகிக்குச் சொல்கிறது. இதுபோலவே ரிக் வேதத்தில் விஷ்பலா என்பவளுக்குப் போரில் கால் போக, அசுவினி தேவர்கள் உலோகக் கால் பொருத்தினார்கள் என்று வருகிறது.

அரசனுக்குப் பொற்கை போதும். அவன் களை பறிக்கப் போவதில்லை, மூட்டை தூக்கப் போவதில்லை. கை, கால் இழந்த குடியானவனுக்கு என்ன வழி என்று அந்தக் கதைகள் கேட்கவில்லை. அதைக் கேட்டு ஒரு விடையும் கண்ட ஊர், நான் முப்பது வருடங்களுக்கு மேலாக ரப்பர், பைப் வியாபாரம் பண்ணிப் பிழைக்கிற இந்த ஜெய்ப்பூர். அந்த வரலாற்றைத்தான் ஈண்டு எழுத முற்படுகிறேன். வியாபாரி என்பதால் சரக்கைப் பற்றிய பேச்சு கொஞ்சம் தூக்கலாக இருந்தால் வாசக அன்பர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

1960களில் இங்கே சவாய் மான்சிங் மருத்துவமனையில் எலும்பு வைத்தியராக இருந்தவர் டாக்டர் பிரமோத் கரண் சேதி (1927–2008). காசியில் பிறந்தவர். அவரிடம் வந்த கால் இழந்தவர்களுக்கு அன்று கிடைத்தது, 'சாச்' என்று சுருக்கமாகச் சொல்லப்படும் வகைக் கால். 1950களில் அமெரிக்காவில் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் உருவானது. உள்ளே மரக்கட்டை, குதிகாலில் மெத்தை, அசையாத கணுக்கால். மேலே பூட்ஸ் மாட்ட வேண்டும்.

அந்த ஊருக்கு அது நல்ல கால்தான். நாற்காலியில் உட்கார்ந்து, மேசையில் சாப்பிட்டு, சாலையில் நடக்கிறவருக்கு அது போதும். நம்ம ஊர் மனிதர் என்ன பண்ணுவார்? வரப்பில் நடக்கணும், சேற்றில் இறங்கணும். சப்பணம் போட்டுச் சாப்பிடணும், காலைக்கடனுக்குக் குந்தணும். கோவிலுக்குள் பூட்ஸோடு போக முடியுமா? தண்ணீர் பட்டால் அந்தத் தோல் என்ன ஆகும்? விளைவு, காலை வீட்டு மூலையில் சார்த்திவிட்டுப் பலர் பழைய ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள். இது நோயாளியின் பிடிவாதம் இல்லை, காலின் குறை என்று உணர்ந்ததே சேதியின் முதல் பெருமை என்பேன்.

இரண்டாமவர் ராம் சந்திர சர்மா. இங்குள்ளவர்கள் மாஸ்டர்ஜி என்பார்கள். நம் பேச்சில் சொன்னால் வாத்தியார். பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை, பரம்பரையாகக் கைவினைஞர் குடும்பம். மருத்துவமனையில் நோயாளிகளுக்குக் கைத்தொழில் கற்றுக்கொடுக்க வந்தவர். வழியில் சைக்கிள் பஞ்சராகி நின்றபோது, கடைக்காரர் லாரி டயருக்கு ரீட்ரெடிங் போடுவதைப் பார்த்து அவருக்கு யோசனை பிறந்தது என்று சொல்வார்கள். லாரியின் பாரத்தைத் தாங்குகிற ரப்பர் மனிதனின் பாரத்தைத் தாங்காதா? 1968இல் கால் உருவானது. டாக்டர் கஸ்லிவால், டாக்டர் உதாவத் ஆகியோருடைய பங்கும் இதில் உண்டு.

அதன் அமைப்பைப் பார்ப்போம். முன்பாதத்துக்கும் குதிகாலுக்கும் மைக்ரோசெல்லுலர் ரப்பர். பெயரைக் கேட்டு மிரள வேண்டாம், ஹவாய் செருப்பில் இருக்கிற நுரை ரப்பர் இனந்தான். கணுக்கால் இடத்தில் மரக்கட்டை, அதில் ஒரு போல்ட். இவற்றைச் சுற்றி டயருக்குப் போடும் நைலான் நூல் ரப்பர், அதன்மேல் தோல் நிறத்தில் ஒரு ரப்பர். எல்லாவற்றையும் பாத வடிவ அச்சில் வைத்துச் சூடேற்றினால் ஒன்றாக உருகிப் பிடித்துக்கொள்ளும். கெட்டியும் மெத்தென்றும் கலந்து கிடப்பதால் பாதம் மேலே வளையும், பக்கவாட்டில் சாயும், கொஞ்சம் திரும்பவும் செய்யும். குந்தவும், கல்லிலும் மேட்டிலும் நடக்கவும், சப்பணம் போடவும் தேவையான மூன்று அசைவுகளும் இவைதாம். விரல்கூட இருக்கும், வெறுங்காலோடு நடக்கலாம். மேல்தண்டு முன்பு அலுமினியத் தகட்டில் அடித்தார்கள். பின்னால் ஹெச்.டி.பி.இ. குழாய் வந்தது, விவசாயி தண்ணீர் பாய்ச்ச வாங்குகிற அதே சரக்கு. இதற்குச் சேதி காப்புரிமை வாங்கவில்லை. யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளட்டும் என்று விட்டார்.

1981இல் சேதிக்கு ரமோன் மக்சேசே விருதும் பத்மஸ்ரீயும் வந்தன. தகுதியான பெருமை. ஆனால் மாஸ்டர்ஜியின் பெயர் நெடுங்காலம் பின்னாலேயே நின்றது. நம் கோவில்களைக் கட்டிய அரசன் பெயர் கல்லில் இருக்கும், உளி பிடித்தவன் பெயரைத் தேடணும். கல்வெட்டு படிக்கிற பழக்கம் உள்ள எனக்கு இது உறுத்துகிறது.

கால் பிறந்துவிட்டது, ஆனால் முதல் ஏழாண்டுகளில் சிலருக்கே கிடைத்தது. அதை ஊர் முழுக்கக் கொண்டுபோனவர் ஐ.ஏ.எஸ். அதிகாரி டி.ஆர். மேத்தா. 1969இல் ஒரு விபத்தில் காலையே இழக்க வேண்டிய நிலைக்குப் போய்த் தப்பியவர். மகாவீரரின் 2500ஆம் நிர்வாண ஆண்டு கொண்டாடப்பட்ட காலத்தில், 1975இல், பகவான் மகாவீர் விகலாங் சகாயதா சமிதியைத் தொடங்கினார். கால் இலவசம், தங்க இடம் இலவசம், சாப்பாடும் இலவசம். எந்த நேரத்தில் வந்தாலும் உள்ளே விடுவார்கள், பெரும்பாலோர் ஓரிரு நாளில் நடந்து திரும்புவார்கள். எங்கள் தமிழ்ச் சமணர் வீடுகளில் பிள்ளைகளுக்கு நால்வகைத் தானம் சொல்லிக்கொடுப்பது வழக்கம்: உணவு, மருந்து, சாத்திரம், அபயம். கால் கொடுப்பது எதில் சேரும் என்று நண்பர்களுக்குள் விவாதித்திருக்கிறோம். மருந்து என்பார் ஒருவர். பிச்சை எடுக்கும் பயத்தை நீக்குவதால் அபயம் என்பது என் கட்சி.

நம்மவர்களுக்கு இந்தக் கால் நன்றாகத் தெரிய வந்தது சுதா சந்திரன் மூலம். மும்பைத் தமிழ்க் குடும்பத்துப் பெண். 1981இல் திருச்சிப் பக்கம் நடந்த பேருந்து விபத்துக்குப் பின் வலக்காலை எடுக்க வேண்டியதாயிற்று. ஜெய்ப்பூர்க் காலுடன் பயின்று 1984இல் மீண்டும் மேடையில் பரதம் ஆடினார். அவர் கதையை 'மயூரி' என்று தெலுங்கில் படம் எடுத்தபோது அவரே நடித்தார். கடல் தாண்டி, போரில் கால் இழந்த ஈழத்தமிழர்களுக்காக யாழ்ப்பாணத்திலும் ஜெய்ப்பூர்க் கால் செய்யும் நிலையம் எழுந்தது.

இது நிற்க. முழங்காலுக்கு மேல் இழந்தவர்களின் சிரமம் வேறு. அவர்களுக்காகச் சமிதியும் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களும் சேர்ந்து செய்த மலிவான நைலான் முழங்காலை டைம் இதழ் 2009இன் சிறந்த கண்டுபிடிப்புகளில் ஒன்றாகச் சொன்னது. இதற்கு முன்பே, 1997இல், ஜெர்மனியின் ஓட்டோ பாக் நிறுவனம் சி-லெக் என்னும் முழங்காலைக் கொண்டுவந்தது. உள்ளே ஒரு சிறு கணினி. அடி வைப்பதை நொடிக்குப் பலமுறை அளந்து, முழங்கால் எப்போது இறுகணும், எப்போது தளரணும் என்று அதுவே முடிவு செய்கிறது. இப்போது அதற்கும் மேலே போய்விட்டார்கள். எஞ்சிய தசையில் ஓடும் மின்துடிப்பைப் படித்து, இவர் கையை மூட நினைக்கிறார், திருப்ப நினைக்கிறார் என்று பழகப் பழகக் கண்டுகொள்ளும் செயற்கைக் கைகள் 2010களில் கடைக்கு வந்தன. செயற்கை நுண்ணறிவு என்று நாம் பேசுவதன் ஒரு கிளைதான் அது. விலையோ லட்சங்களில்.

விலை ஒருநாள் இறங்கும். கால்குலேட்டரும் செல்போனும் இறங்கியதைப் பார்த்தவர்கள் நாம். என் கவலை வேறு. கற்கும் எந்திரம், தனக்குக் காட்டப்பட்ட நடையைத்தான் கற்கும். நடையைப் பதிவு செய்யும் ஆய்வுக்கூடங்கள் பெரும்பாலும் மேலை நாடுகளில். அங்கே சமதளத்தில், காலணியோடு நடப்பவர்களின் அடிகள்தாம் அதிகம். குந்துவதையும், வரப்பில் தலைச்சுமையோடு போவதையும், தரையில் உட்கார்ந்து எழுவதையும் அதற்கு யார் காட்டுவார்கள்? காட்டாவிட்டால் 'சாச்' காலின் கதையே மறுபடியும் வரும். இம்முறை மூலையில் சார்த்தி வைக்கப்படுவது லட்ச ரூபாய்க் கால்.

காட்டுவதற்கு ஆள் இல்லாமல் இல்லை. சமிதியின் பட்டறைகளில் வேலை செய்கிறவர்களில் தாமே ஜெய்ப்பூர்க் கால் போட்டவர்களும் உண்டு. எஞ்சிய காலின் மேல் மாக்கட்டுப் போட்டு அச்செடுப்பது, எங்கே அழுத்துகிறது என்று கேட்டுக் கேட்டுக் குழாயைச் சூடாக்கி வளைப்பது, எழுந்து நடக்கச் சொல்லி நடையைப் பார்த்து மறுபடி திருத்துவது எல்லாம் அவர்கள் கையிலும் கண்ணிலும் இருக்கிறது. எந்திரத்துக்குப் பாடம் எழுதுகிறவர்கள் முதலில் வந்து உட்கார வேண்டிய இடம் அந்தப் பட்டறைத் தரை. நம் சங்கத்துப் பிள்ளைகள் பலர் பெங்களூரிலும் ஐதராபாத்திலும் இந்த வேலையில்தான் இருக்கிறார்கள். விடுமுறைக்கு வரும்போது ஹவா மஹாலோடு மாளவியா நகரில் இருக்கும் சமிதிக்கும் ஒருமுறை அழைத்துப் போங்கள்.